தணிகைக்கு வைத்த இரண்டு காய்

ஜனவரி 1, வியாழன்

இந்த டைரி மருந்துக் கடையில் கொடுத்தது. பூச்சிமருந்து வாங்குகிற விவசாயிக்கு வருஷா வருஷம் ஒரு டைரி, ஒரு மஞ்சப்பை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதாவது ஒரு மருந்தின் விளம்பரம். போன வருஷம் எங்கள் வீட்டுக்கு இரண்டு கொடுத்தார்கள், எனக்கு ஒன்று, தணிகைவேலுக்கு ஒன்று. இன்றைக்கும் கடைக்காரர் பழக்க தோஷத்தில் இரண்டை எடுத்தார். பிறகு ஒன்றை மேசைக்குள் திரும்ப வைத்தார். நான் பார்க்காததுபோல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால் சொசைட்டியில் இருபது வருஷம் கணக்கு எழுதினவன் நான். தினம் நாலு வரி எழுதாவிட்டால் கை அரிக்கும். அதற்காக எழுதுகிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

சோதனை வயலில் கத்தரி காய் பிடித்துவிட்டது. கிணற்றுக்கு மேற்கே உள்ள அரை ஏக்கரை ஆராய்ச்சி நிலையத்துக்கு விட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து முள்கத்தரியேதான், ஆனால் மரபணு மாற்றியது. காய்ப்புழு இதைத் தின்றால் செத்துப்போகுமாம், புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாமாம். அரசாங்கம் இன்னும் அனுமதிக்கவில்லை. அனுமதிக்கலாமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. சுற்றிலும் கம்பி வேலி, பூட்டு, எச்சரிக்கைப் பலகை, காவலுக்கு என் பங்காளி முனிரத்தினம்.

எவ்வளவு வாங்கினாய் என்று ஊரில் துருவுகிறார்கள். என் மகன் தணிகை இருபத்துநாலு வயதில் கத்தரிக்கு மருந்தடிக்கப் போய்ச் செத்தான். இந்த விதை வந்துவிட்டால் இன்னொரு வீட்டில் அப்படி நடக்காது. இதை டீக்கடையில் நின்று சொல்ல முடியுமா? குத்தகை நல்ல குத்தகை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

தாட்சாயணி மேடம் வந்தார். ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி. வயது முப்பத்தைந்துகூட இருக்காது. வேலி ஓரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வயலுக்குள் இறங்குவார். படித்தவர்கள் பூட்ஸோடு மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகின எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

விதிகளை மறுபடியும் சொன்னார். பறிக்கிற காயை நிறுத்து, அறுத்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்து, அன்றன்றைக்கே குழியில் போட்டு எரித்து மூட வேண்டும். மனுசர் தின்னக் கூடாது, மாடு தின்னக் கூடாது.

"ஒரு காய் வெளிய போனாலும் சோதனை மொத்தமும் அடிபட்டுடும் சார். அனுமதி கிடைக்காது."

"போவாதும்மா. நான் ஒருத்தன் கீறேன்ல."

இன்னொன்றும் சொன்னார். பூச்சிமருந்து தாக்கி இந்தத் தாலுக்காவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று விண்ணப்பத்துக்காக எழுதிக் கேட்டாராம். ஒருவர்கூட இல்லை என்று பதில் வந்திருக்கிறதாம். "நம்பவே முடியல சார்" என்றார்.

நான் நம்பினேன். தணிகையின் சான்றிதழிலும் மாரடைப்பு என்றுதான் இருக்கிறது. மருந்து என்று எழுதினால் போலீஸ் வரும், பிள்ளையை அறுப்பார்கள், குடித்துச் செத்தான் என்று ஊர் கதை கட்டும் என்றார்கள் பெரியவர்கள். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்போம். ஆட்டினோம்.

ஜனவரி 12, திங்கள்

முதல் பறிப்பு. காய் ஒவ்வொன்றும் ஊதாவும் வெள்ளையுமாகப் பளபளவென்று இருந்தது. இருபது வருஷமாகக் கத்தரி போடுகிறேன், ஒரு துளை இல்லாத கூடையை இன்றைக்குத்தான் பார்த்தேன். முனிரத்தினம் ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இத்தப் போயி கொளுத்தணுமா?" என்றான். கொளுத்தணும் என்றேன்.

குழியில் போட்டுத் தீ வைத்தோம். வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கத்தரிக்காயைச் சுட்டால் என்ன வாசனை வரும்? சுட்டு மசித்துக் கடைசல் செய்கிறபோது வருகிற அதே வாசனை. காற்று கிழக்கே அடித்தது. தெருவில் இருப்பவர்கள் எல்லாம் வீட்டுக்கு வெளியே வந்து மூக்கை உறிஞ்சினார்கள். "இன்னாடா ஏகாம்பரம், ஊருக்கே கடைசலா?" என்று ஒருத்தர் குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

என் மனைவி நவநீதம் மட்டும் வெளியே வரவில்லை. வீட்டுக்குப் போனால் ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவைத்து உட்கார்ந்திருந்தாள். சுட்ட கத்தரிக்காய்க் கடைசல் இருந்தால் தணிகைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஜனவரி 15, வியாழன்

துக்க வருஷம். பொங்கல் வைக்கவில்லை. மாட்டை மட்டும் குளிப்பாட்டினேன், அது என்ன பாவம் செய்தது.

ஜனவரி 21, புதன்

ஓடைக்கு அந்தப் பக்கம் என் சொந்தக் கத்தரி ஒரு ஏக்கர் இருக்கிறது. அது சாதாரண விதை. குருத்து வாட ஆரம்பித்துவிட்டது. காலையில் மருந்தடித்தேன். கூலிக்கு ஆள் வைப்பதை விட்டுவிட்டேன், நானே அடிக்கிறேன்.

குளித்துவிட்டு வந்ததும் நவநீதம் செல்போன் விளக்கைப் போட்டு என் கண்ணைப் பார்த்தாள். ஒரு வருஷமாக இதுதான் நடக்கிறது. மருந்தடித்துவிட்டு வந்தால் சோறு போடுவதற்கு முன்னால் நிற்கவைத்துக் கண்ணைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எதைத் தேடுகிறாய் என்று கேட்டால் தட்டை எடுத்து வைப்பாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறாளோ என்னவோ.

ஜனவரி 28, புதன்

தயாளன் வந்தான். நவநீதத்தின் தம்பி, போளூர் பக்கம் இயற்கை விவசாயக் குழு வைத்திருக்கிறான். நாட்டு விதைகளைச் சேர்த்து மடியில் முடிந்த காசு மாதிரிக் காப்பாற்றுகிறவன். வேலியையும் பலகையையும் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

"மாமா, மருந்து வித்தவனே நாளைக்கு இந்த விதையையும் விப்பான். வருஷா வருஷம் அவங்கிட்டதான் கையேந்தி நிக்கணும். புழுவு நாலு வருஷத்துல பழகிக்கும். அப்புறம் மறுபடியும் மருந்து டேங்கைத் தூக்கணும்."

"நாலு வருஷம் தூக்காம இருக்கலாம்ல."

"மண்ணு இன்னா ஆவும், தின்றவன் ஒடம்பு இன்னா ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

"மருந்தடிச்ச காயைத் தின்னா இன்னா ஆவும்னு தெரிஞ்சுதான் இத்தினி வருஷம் தின்னுகினு கீறமா?"

அவன் பேசுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும். உன் அக்கா மகன் எப்படிப் போனான் என்று தெரிந்துமா பேசுகிறாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தணிகைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் அவன். சாப்பிடாமல் எழுந்தான். நவநீதம்தான் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

பிப்ரவரி 7, சனி

நாளைக்கு மறுநாள் தணிகையின் வருஷத் தெவசம். வேட்டி, துண்டு, பழம், பூ வாங்கினேன். இலைக்கு முனிரத்தினத்திடம் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்குச் சோதனை வயலில் பறிப்பு. பறித்ததும் போட்டபோது ஒரு எடையும் குழிக்குக் கொண்டுபோகும்போது ஒரு எடையுமாக இருந்தது. கொஞ்சம்தான் வித்தியாசம். தராசு பழசு. நவநீதம் இன்றைக்கு வேலிக்கு உள்ளே வந்து கூடை தூக்கிக் கொடுத்தாள், எவ்வளவோ மாதத்துக்குப் பிறகு வயலுக்கு வந்தாள். அது போதும்.

பிப்ரவரி 9, திங்கள்

தெவசம் நல்லபடியாக முடிந்தது.

வடை, பாயசம், அவனுக்குப் பிடித்த ரஸ்க், ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸ் எல்லாம் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தோம். நடுவில் கடைசல். நான் கடையில் கத்தரிக்காய் வாங்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காயில் போன வாரம் அடித்த மருந்து இன்னும் இருக்கிறது. மருந்தடித்த காயை மருந்தால் செத்த பிள்ளைக்கு நவநீதம் வைப்பாளா?

நான் கேட்கவில்லை.

காக்கைக்கு வைத்துவிட்டுக் கூப்பிட்டோம். அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. தயாளன்கூடக் கலங்கிப்போய்க் கூரையைப் பார்த்து நின்றான். அப்புறம் ஒரு காக்கா வந்தது. வடையைத் தொடவில்லை, நேராகக் கடைசலில் வாய் வைத்தது. நவநீதம் "வந்துட்டான்" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. ஒரு வருஷத்தில் அந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

வழக்கம்போல் படைத்த இலையைப் பிசைந்து ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தாள். தயாளன் வாயில் போட்டுக்கொண்டு, "கடைசல் இன்னாக்கா இப்டி கீது, மார்க்கெட்டு காயி மாரியே இல்ல" என்றான். நவநீதம் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் உருண்டையை விழுங்கினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் துப்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மென்று முடித்தான்.

பிப்ரவரி 18, புதன்

வயலைப் பார்த்து அனுமதியை முடிவு செய்யத் தில்லியிலிருந்து குழு செவ்வாய்க்கிழமை வருகிறதாம். வேலி ஓரம் புல் செதுக்கினோம். மேடம் மூன்று தடவை போன் செய்துவிட்டார். இதுவரை ஒரு தவறும் இல்லை, நம் வயல்தான் எல்லாவற்றிலும் ஒழுங்கு என்றார். ஏழாம் தேதி எடைக் கணக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் வயதானவர், வடக்கத்திக்காரர், தொப்பி போட்டிருந்தார். இங்கிலீஷில் பேசினார், மரியாதையான மனுசர். இன்னொருவர் சென்னையில் வேலை பார்க்கிற இளைஞர், அவர்தான் தமிழில் கேட்டுத் தலைவருக்குச் சொன்னார். வேலி, பூட்டு, குழி, தராசு எல்லாம் பார்த்தார்கள். தலைவர் ஒரு செடியின் குருத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். மேடம் முகத்தில் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்றாவது ஆளோடு வேலியை அளக்க மேடம் மேற்குக் கோடிக்குப் போனார். நாங்கள் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தோம். நவநீதம் மோர் கொண்டுவந்தாள்.

கிளம்புகிற நேரம். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று இளைஞர் கேட்டார். காய் ஏதாவது வெளியே போனதா? இல்லை சார் என்றேன். அவர் நவநீதத்தின் பக்கம் திரும்பி, சும்மா ஒரு முறைக்காகத்தான், "நீங்க சொல்லுங்கம்மா, வீட்ல யாராவது சமைச்சுச் சாப்பிட்டீங்களா?" என்றார்.

"நாங்க இன்னாத்துக்கு சார் சமைச்சுத் துன்றோம். எம் புள்ளைக்கு ரெண்டு வெச்சேன்."

வெச்சேன். தட்டில் சோறு வைத்தாலும் வெச்சேன்தான், படத்துக்கு முன்னால் இலையில் வைத்தாலும் வெச்சேன்தான். எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல். இளைஞர் பட்டணத்துக்காரர். மகனுக்கு இரண்டு காய் பரிமாறினாளாம் என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரியும்.

தலைவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கவலையோடு ஏதோ கேட்டார். இளைஞர் பேனாவை எடுத்தார்.

"பையனுக்கு என்ன வயசும்மா?"

"இருவத்தி நாலு."

"எப்ப நடந்துச்சு?"

"தை மாசக் கடைசில."

"அவருக்கு ஒடம்புக்கு ஏதாவது ஆச்சா? வாந்தி, மயக்கம், அந்த மாதிரி?"

நவநீதம் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் நேராக நின்றாள்.

"ஆச்சு சார். மொதல்ல தல சுத்துதும்மான்னான். வாந்தி எட்த்தான். வாயில எச்சி நிக்காம ஊத்திச்சு. சட்டையப் புழிஞ்சா தண்ணி கொட்ற மாரி வேர்வ. கையி காலு வெடவெடன்னு இஸ்துச்சு. கண்ணு மணி கடுகாட்டம் சின்னதாப் பூட்ச்சு சார். எம்மா, நீ எங்க கீற, ஒரே இருட்டா கீதேன்றான். வெய்யிலு சுள்ளுனு அடிக்குது சார், நல்ல பகலு. நான் எதுருலயே நிக்கறேன். கண்ணு மணியப் பாத்திருந்தா ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கும், ஊசி போட்ருக்கலாம்னு ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா சொல்லிச்சு. எனக்குத் தெரியாதே சார். நான் கண்ணப் பாக்கலையே."

இளைஞர் எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் ஏன் குறுக்கே பேசவில்லை? போன வருஷம் அன்றைக்கு நான் வேலூர் மார்க்கெட்டில் காய் விற்றுக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. எப்படி நடந்தது என்று நான் அவளைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எம்மா நீ எங்கே இருக்கிறாய் என்று என் பிள்ளை கேட்டான் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் என் தலையில் ஏறவில்லை.

மேடம் ஓடிவந்தார். எங்கள் வீட்டில் மாலை போட்ட படத்தைப் பார்த்திருக்கிறார், கொஞ்சம் கேட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. அவர்களிடம் இங்கிலீஷில் சத்தமாகப் பேசினார், பேசும்போதே அழுதுவிட்டார். தலைவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். நவநீதத்தைப் பார்த்துக் கைகூப்பினார். ஆனால் எழுதினதை அடிக்க முடியாது, விளக்கத்தைக் கீழே சேர்த்து எழுதலாம் என்றாராம். படையலுக்கு வைத்தாலும் காய் வெளியே போனது போனதுதானே. 

நான் தின்றதை யாரும் கேட்கவில்லை.

ஜீப் போன பிறகு நவநீதம், "நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?" என்றாள். இல்லை என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

மோட்டார் ஓடவில்லை. உள்ளே செப்புக்கம்பிக் காயில் எரிந்துபோயிருக்கிறது.

மார்ச் 2, திங்கள்

சாயங்காலப் பேப்பரில் போட்டுவிட்டார்கள். சோதனைக் கத்தரி தின்ற வாலிபருக்கு வாந்தி, மயக்கம். யார் சொன்னார்களோ. முனிரத்தினம் தான் சொல்லவில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறான்.

மார்ச் 4, புதன்

பேப்பரோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். போன வருஷம் தணிகையின் சிநேகிதர்கள் அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரை யாரோ தேடி எடுத்து, தேதியை வெட்டிவிட்டு, மரபணுக் கத்தரிக்கு முதல் பலி என்று மேலே எழுதி வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் அவன் முகம். மஞ்சள் சட்டை போட்ட படம், திருத்தணி கிருத்திகைக்குப் போனபோது எடுத்தது. டீக்கடையில் ஒருத்தன் எனக்கே காட்டினான். வெளியூர்க்காரன், நான் யார் என்று தெரியாது. "பாவம் சார், சின்ன வயசு" என்றான்.

ஆமாம், சின்ன வயசு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

தயாளன் வந்தான். நெற்றியில் வீக்கம். நேற்று போளூரில் அவன் குழுவின் கூட்டமாம். மேடையிலேயே தணிகையின் படத்தைக் கட்டியிருக்கிறார்கள். இவன் ஏறி, இது என் அக்கா மகன், மருந்தடித்துச் செத்தவன், இந்தக் காயைத் தின்று சாகவில்லை, படத்தை இறக்குங்கள் என்று சொல்லியிருக்கிறான். எத்தனை பணம் வாங்கினாய் என்று கத்தி, கீழே இழுத்துத் தள்ளிவிட்டார்களாம். பத்து வருஷம் அவன் நடத்தின குழு.

"மாமா, அந்த வெத இந்த ஊருக்குள்ள வரவே கூடாதுன்னுதான் இன்னிக்கும் சொல்றேன். ஆனா எங்கக்கா புள்ள பொணத்த வெச்சு ஜெயிக்க வேணாம்."

நவநீதம் அவன் நெற்றிக்கு மஞ்சள் பத்து போட்டாள். ஜனவரியில் சொன்னதற்கு மன்னித்துவிடு மச்சான் என்று சொல்ல நினைத்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மேடம் வந்தார். குழு ஆதாரம் கேட்கிறதாம். பையன் போன வருஷமே மருந்து தாக்கி இறந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தால் நவநீதம் சொன்னதை அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம், காயின் மேல் பழி வராது என்றார். ஆசையோடு கேட்டார்.

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"மாரடைப்புன்னு இருக்கே சார்."

"ஆமாம்மா."

"வேற ஏதாவது? ஆஸ்பத்திரி சீட்டு, மருந்துச் சீட்டு?"

எல்லாவற்றிலும் அதேதான் இருக்கிறது. நாங்கள்தானே அப்படி எழுதச் சொல்லி நின்றோம். அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார், எந்த ஊர் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. காகிதத்தில் தணிகை மருந்தால் சாகவில்லை. தேதி போன வருஷம்தான், ஆனால் மாரடைப்பில் போனவனுக்கு நவநீதம் சொன்னது பொருந்தாது, அவள் வேறு பிள்ளையைச் சொன்னாள் என்றுதான் குழு எடுத்துக்கொள்ளுமாம். அதனால் வாந்தியும் இழுப்பும் இந்தக் காயால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கணக்கு எழுதினவன் நான், எனக்கே அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேடம் சான்றிதழை மடிக்காமல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

மார்ச் 23, திங்கள்

சோதனைக் காலம் முடிந்தது. செடி மொத்தத்தையும் வேரோடு பிடுங்கிக் கொளுத்தினோம். சில செடிகளில் இன்னும் பூ இருந்தது.

நவநீதம் வந்து குழி ஓரமாக நின்றாள். இன்றைக்கு ஜன்னல் சாத்தவில்லை. புகை முகத்தில் அடித்தும் நகரவில்லை. மேடத்தின் பக்கத்தில் போய், "என்னாலதானம்மா ஒங்க படிப்பு வீணாப் போச்சு?" என்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. உங்ககிட்ட யாரோ ஒருத்தர் ஒரு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்."

போகும்போது மேடத்துக்கு ஒரு பை முருங்கைக்கீரை கொடுத்து அனுப்பினாள். வேலியைக் கழற்ற நாளைக்கு ஆள் வருகிறது.

ஜூன் 18, வியாழன்

சேதி வந்துவிட்டது. மேடம் போனில் சொல்லாமல் நேரில் வந்து சொன்னார். அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு என்று எழுதவில்லை. "உங்க வயல் மட்டும் காரணம் இல்ல சார், நிறைய காரணம் எழுதியிருக்காங்க" என்று நாலைந்து தடவை சொன்னார். நல்ல பெண்.

எங்கள் வயலைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டேன். தயங்கினார். வற்புறுத்தினதும் தமிழில் சொன்னார். காயை உட்கொண்டதாகக் கூறப்படும் இளைஞர் தொடர்ந்து பரிசோதிக்கக் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மேடம் போன பிறகு நவநீதத்திடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தத் தொப்பிக்காரர் நல்ல மனுசன். நம்ம புள்ளைக்கு இன்னா ஆச்சின்னு கேட்டாரு. வேற யாரு கேட்டாங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

கிணற்றுக்கு மேற்கே மறுபடியும் கத்தரி. சாதாரண விதை. வேறு என்ன போடுவது, தண்ணீர் இருக்கிற அளவுக்கு அதுதான் வரும். தயாளன் வேப்பெண்ணெய்க் கரைசலும் பூச்சி பிடிக்கிற விளக்குப் பொறியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் தங்கி அவனே அடித்தான்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

புழு குறைந்தது. நிற்கவில்லை. பாதிக் குருத்து வாடித் தொங்குகிறது. முனிரத்தினம் தன் மகனை மருந்தடிக்க அனுப்புவதாகச் சொன்னான். பையன் கல்யாணம் ஆகாதவன். வாயை மூடு என்று கத்திவிட்டேன். பயந்துபோய்விட்டான்.

செப்டம்பர் 1, செவ்வாய்

மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தணிகையைப் பற்றி வாட்ஸ்அப்பில் பார்த்ததாகச் சொன்னார். எந்த மருந்து நல்லது என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். இந்தப் பக்கத்தின் அடியில் இருப்பதும் அதுதான்.

செப்டம்பர் 2, புதன்

காலையில் காற்று இல்லாத நேரமாகப் பார்த்து அடித்தேன். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அரை ஏக்கருக்கு எட்டு டேங்கு. நடுவில் ஒரு தடவை தலை லேசாக இருந்தது, வெயிலாக இருக்கும்.

வரும்போது நவநீதம் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் செல்போன் இல்லை, சார்ஜ் இல்லையாம். "இப்டி வெய்யிலுக்கு வா" என்று கையைப் பிடித்து இழுத்து முற்றத்தில் நிறுத்தினாள். "கண்ணத் தொற."

போன வருஷம் முழுவதும் இந்த நேரத்தில் சலித்துக்கொள்வேன், ஈரம் சொட்ட நிற்கவைக்கிறாளே என்று. இன்றைக்கு அவள் உயரத்துக்குக் குனிந்துகொடுத்தேன். இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணைப் பார்த்தாள், பிறகு இன்னொன்றை. அவள் மூச்சு என் முகத்தில் பட்டது.

"நான் தெரியறனா?" என்றாள்.

"தெரியற" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. மறுபடியும் முதல் கண்ணுக்கு வந்தாள். வெயிலில் கண் கூசித் தண்ணீர் வந்தது. அவள் பார்த்து முடிக்கிறவரை நான் இமைக்காமல் நின்றேன்.